நாப்போலியின் பின்வாசல் வழியே

கோப்பையைத் தூக்கும் படத்தை உலகமே பார்த்துவிட்டது. காகிதத் துண்டுகள் பறந்ததையும் வாணவேடிக்கை வெடித்ததையும் டி.வி.யில் பார்த்தாயிற்று. அதெல்லாம் முன்வாசல். இன்றைக்கு நாம் பின்வாசல் வழியாக நுழையப்போகிறோம்! பயிற்சியாளர் படுத்துத் தூங்கிய இடம், புது ஆட்டக்காரரைப் பாடவைத்த சாப்பாட்டு அறை, மைதானத்துக்கு ஏறும் படிக்கட்டு, பொம்மை செய்கிறவரின் வண்ணக் கிண்ணம் என்று எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிடலாம். 2022-23ல் நேப்பிள்ஸ் நகரத்தின் நாப்போலி கிளப் 33 வருடங்களுக்குப் பிறகு இத்தாலிய லீகை வென்றதே, அந்தப் பருவத்துக்குள்தான் போகிறோம்.

நுழையுமுன் ஒரே ஒரு நிபந்தனை. ‘ஸ்குடெட்டோ’ என்று மட்டும் உள்ளே யார் காதிலும் விழும்படி சொல்லிவிடாதீர்கள். லீக் பட்டத்துக்கு அங்கே அதுதான் பெயர். ஜெயித்த அணி அடுத்த பருவம் முழுக்க நெஞ்சில் தைத்துக்கொள்ளும் மூவண்ணக் கேடயம். கைக்கு வருவதற்கு முன் வாயால் சொன்னால் கண்பட்டுவிடும் என்பது நேப்பிள்ஸ்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதற்காகவே சட்டைப்பையிலும் சாவிக்கொத்திலும் சிவப்புக் கொம்புத் தாயத்தை வைத்துக்கொண்டு திரிகிற ஊர் அது. சரி, வாயை மூடிக்கொண்டு வாங்க.

முதலில் மலை ஏற வேண்டும். 2022 ஜூலையில் வட இத்தாலியின் திமாரோ, பிறகு அப்ருஸ்ஸோ மலைப்பக்கத்தில் காஸ்தெல் தி சாங்ரோ. இங்கேதான் பருவத்துக்கு முந்தைய முகாம். காற்று குளுமையாக இருந்தாலும் ரசிகர்கள் கொதித்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளையான கேப்டன் இன்சின்யே டொரொன்டோவுக்குப் போய்விட்டார். தடுப்புக்கோட்டை கூலிபாலியை செல்சி வாங்கிக்கொண்டு போய்விட்டது. 148 கோல் அடித்து கிளப்பின் சாதனையை வைத்திருக்கும் மெர்டென்ஸும் இல்லை. முதலாளி தெ லாரெந்தீஸ் சினிமாத் தயாரிப்பாளர். 2004ல் திவாலாகி மூன்றாம் டிவிஷனில் கிடந்த கிளப்பை வாங்கித் தூக்கி நிறுத்தியவர். அவரையே “ஏ16” என்று ஒரே சொல்லில் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஏ16 என்பது நேப்பிள்ஸிலிருந்து பாரி நகரத்துப் பக்கம் போகும் நெடுஞ்சாலை. பாரி கிளப்பும் அவர் குடும்பத்துடையது. “அந்த ரோட்டைப் பிடித்து அங்கேயே போய்ச் சேருங்கள்” என்று அர்த்தம்!

போனவர்களுக்குப் பதிலாக யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், ஜார்ஜியாவின் பட்டூமி நகரக் கிளப்பிலிருந்து ஒரு பையன். பெயர் க்விச்சா க்வரட்ஸ்கெலியா. உச்சரிக்கவே ஊருக்குச் சில வாரம் பிடித்தது; பிறகு ‘க்வாரா’ என்று சுருக்கிக்கொண்டார்கள். விலை ஏறத்தாழ 1 கோடி யூரோ. ஐரோப்பியச் சந்தையில் அது சில்லறைக்காசு. இன்னொருவர் துருக்கியிலிருந்து வந்த கொரியர் கிம் மின்-ஜே. இந்த இருவரையும் நம்பியா ஒரு பருவம் என்று மலை அடிவாரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

நாம் சாப்பாட்டு அறைக்குள் போய்விடலாம், அங்கே கூத்து நடக்கிறது. புதிதாக வருகிறவர் எல்லோர் முன்னாலும் நின்று பாட வேண்டும். இத்தாலிய அணிகளில் இது எழுதாத சட்டம். பாஷை தெரியாது, முகங்கள் தெரியாது, எதிரே தட்டும் கரண்டியுமாக முழு அணி. கிம் எழுந்தார். ஆள் 190 சென்டிமீட்டர். ‘கங்னம் ஸ்டைல்’ பாட ஆரம்பித்ததும் அறையே கைதட்டலில் அதிர்ந்தது. எதிரணி முன்கள ஆட்டக்காரர்களை அந்த வருடம் முழுக்க மிரட்டி, லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கப்போகிறவரின் அறிமுகம் இப்படித்தான் நடந்தது. முதல் பந்தை உதைப்பதற்கு முன்பே ஆள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டார்.

மலையிலிருந்து இறங்கிக் கடலோரத்துக்குப் போவோம். நேப்பிள்ஸுக்கு வடமேற்கே காஸ்தெல் வொல்துர்னோ என்ற சிற்றூர். பயிற்சி மையம் இங்கேதான். நகரத்தின் ஹாரன் சத்தம், ஸ்கூட்டர் நெரிசல், கடைவாசல் அரட்டை எதுவும் எட்டாத தூரம்.

இங்கே பாருங்க, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பயிற்சியாளர் லூசியானோ ஸ்பலெட்டி இரவில் தங்கிய பயிற்சி மையம்! 64 வயதை நெருங்கும் மனிதர். டஸ்கனியில் சொந்தமாகப் பண்ணை வைத்திருக்கிறார். அவர் நினைத்தால் நேப்பிள்ஸ் வளைகுடாவைப் பார்த்த ஹோட்டல் அறை கிடைக்கும். ஆனால் வேலை செய்யும் இடத்திலேயே படுத்து, அங்கேயே எழுந்தார். விழித்ததும் புல்வெளி, தூங்குமுன் ஆட்ட வீடியோ.

நகரத்து ஹோட்டலில் அவர் தங்கியிருந்தபோது நடந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் ஹோட்டல் வாசலில் நின்ற அவருடைய ஃபியட் பாண்டா கார் திருடு போனது. அடுத்த வசந்தத்தில் அணி தடுமாறியபோது ரசிகர்கள் ஒரு பேனர் கட்டினார்கள்: காரைத் திருப்பித் தருகிறோம், நீங்கள் கிளம்பினால் போதும் என்று! அதைப் படித்துவிட்டும் அடுத்த பருவத்துக்கு மூட்டை முடிச்சோடு பயிற்சி மையத்துக்கே குடிவந்தாரே, அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கலாம் என்று தோன்றுகிறது.

காலையில் ஒவ்வொருவராக வருகிறார்கள். கேப்டன் பட்டை இப்போது ஜொவானி தி லொரென்சோவின் கையில். அமைதியான மனிதர். சில வருடங்களுக்கு முன் அவர் ஆடிக்கொண்டிருந்த கிளப் திவாலாகி, கையில் கிளப்பே இல்லாமல் நின்று, மூன்றாம் டிவிஷனில் மத்தேரா என்ற சிறிய ஊருக்கு ஆடப்போனவர். கோல்கீப்பர் மெரெட்டும் வருகிறார். அவருக்குப் பதில் கெய்லர் நவாஸ் வரப்போகிறார் என்று ஆகஸ்ட் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. ஒரு வார்த்தை பேசாமல் கையுறையை மாட்டிக்கொண்டார். லொபோட்கா முன்பெல்லாம் எடை கூடிப்போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். இப்போது உடம்பை இளைத்து நடுக்களத்தையே ஆட்டி வைக்கிறார். இந்த அறையில் யாரும் மகாராஜா இல்லை. ஏதோ ஒரு கதவு முகத்தில் அறைந்து மூடியதைப் பார்த்தவர்கள்தான் நிறைய.

அறைக்குள் காபி மணம் வருகிறதா? இவர்தான் டொமாசோ ஸ்டாராச்சே! ஜெர்சி, பூட்ஸ், துண்டு எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர். மரடோனா காலத்திலிருந்தே இந்த கிளப்பில் இருக்கிறார். எத்தனையோ பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஸ்டாராச்சேயின் காபி மட்டும் மாறவில்லை. சின்னஞ்சிறு கோப்பையில், இரண்டு மடக்கில் முடிந்துவிடும் கெட்டிக் கறுப்புக் காபி. மரடோனா குடித்த காபியை லேகோஸிலிருந்து வந்த முன்கள ஆட்டக்காரர் ஒசிமெனும் குடிக்கலாம், பட்டூமியிலிருந்து வந்த க்வாராவும் குடிக்கலாம். அந்தக் கோப்பையைக் கையில் வாங்கும்போதே கிளப்பின் பழைய வரலாறு முழுவதும் சூடாகக் கைக்கு வந்துவிடுகிறது!

இப்போது ஸ்டேடியம். ஃபுவோரிக்ரோத்தா பகுதியில் 1959ல் திறந்த கான்கிரீட் கிண்ணம். 2020ல் மரடோனா இறந்ததும் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். உடைமாற்றும் அறைகள் தரைக்குக் கீழே. அங்கிருந்து சுரங்கப்பாதையில் நடந்து படியேறி வெளிச்சத்துக்கு வர வேண்டும். படியில் கால் வைத்தால் மேலேயிருந்து இரைச்சல் இறங்கி வந்து நெஞ்சில் அடிக்கும்.

2022 செப்டம்பர் 7. சாம்பியன்ஸ் லீக். எதிரே லிவர்பூல். பெஞ்சில் ஜொவானி சிமியோனே உட்கார்ந்திருக்கிறார். அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற பயிற்சியாளர் தியேகோ சிமியோனேயின் மகன். சிறுவனாக இருந்தபோதே சாம்பியன்ஸ் லீக் சின்னத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர். அதில் ஒருநாள் கோல் அடித்து அந்தப் பச்சையை முத்தமிடுவேன் என்று தனக்குத்தானே வாக்குக் கொடுத்திருந்தார். முதல் பாதி முடியும் நேரம் ஒசிமென் காயத்தோடு வெளியேற, இவர் இறங்கினார். சில நிமிடங்கள்தான். க்வாரா இடப்பக்கம் வெட்டிக்கொண்டு போய்ப் பந்தை உள்ளே தள்ள, கோல்! சிமியோனே முழங்காலில் விழுந்து, கையை உதட்டில் ஒற்றி, குழந்தை அழுகை அழுதார். ஆட்டம் 4-1.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டிருக்குமே, அது தானியேலே பெல்லினி. ‘டெசிபல்’ என்பதே அவர் பட்டப்பெயர்! கோல் விழுந்ததும் அடித்தவரின் முதல் பெயரை மட்டும் அவர் கத்துவார். மிச்சப் பெயரை மொத்த ஸ்டேடியமும் கத்தும். திரும்பத் திரும்ப, தொண்டை கிழியும் வரை. அந்தப் பருவத்தில் நாப்போலி லீகில் அடித்தது 77 கோல். பாவம் பெல்லினியின் தொண்டை!

இலையுதிர் காலத்தில் லீகில் தொடர்ந்து 11 வெற்றி. நடுவில் உலகக் கோப்பைக்காக நீண்ட இடைவேளை. ஜனவரி 4ஆம் தேதி இண்டரிடம் முதல் தோல்வி. அவ்வளவுதானா என்று ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நாள் யுவென்டஸ் வந்தது. தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்துக்கொண்டிருந்த யுவென்டஸ். அதற்கு நாப்போலி அடித்தது ஐந்து! 5-1.

ஒசிமெனின் அந்தக் கறுப்பு முகமூடியைக் கிட்டத்தில் பார்க்கலாமா? 2021 நவம்பரில் மிலானில் ஆடும்போது எதிரணிக்காரருடன் தலை மோதி, கன்னமும் கண்குழியும் பல இடங்களில் முறிந்துபோயின. அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியவர் முகமூடியோடு வந்தார். எலும்பு கூடிய பிறகும் கழற்றவில்லை. லேகோஸ் நகரத்துப் போக்குவரத்து நெரிசலில் தண்ணீர் பாட்டில் விற்று வளர்ந்த பையன் அவர். அந்த முகமூடிக்குள் வியர்த்துக்கொண்டே 26 கோல் அடித்து, இத்தாலிய லீகில் ஒரு பருவத்தின் அதிகபட்ச கோல்களை அடித்த முதல் ஆப்பிரிக்கர் ஆனார். கார்னிவல் வந்தபோது நேப்பிள்ஸ் குழந்தைகளுக்கு வேறு வேஷமே தேவைப்படவில்லை. கறுப்பு முகமூடி, மஞ்சள் முடி. பேக்கரிக்காரர்களும் சும்மா இருப்பார்களா? சாக்லேட் முகமூடி போட்ட கேக்குகள் கண்ணாடி அலமாரிக்கு வந்துவிட்டன!

வாங்க, இனி ஊருக்குள் போவோம். இங்கே பின்வாசல் ஒன்றல்ல, ஆயிரம். சான் கிரெகோரியோ அர்மேனோ என்ற ஒடுக்கமான தெருவில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்யும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. மாதாவுக்கும் இடையர்களுக்கும் பக்கத்தில் கால்பந்துக்காரர்களும் நிற்பது இங்கே பழைய வழக்கம். களிமண் தலைகள் வரிசையாகக் காய்கின்றன. எல்லாம் மொட்டைத் தலை. கைவினைஞர் ஒரு தலையை எடுத்து மஞ்சள் முடி தீட்டி, மெல்லிய தூரிகையால் கண்ணைச் சுற்றிக் கறுப்பை இழுத்ததும் ஒசிமென் ஆகிறார். அடுத்த தலைக்குக் கன்னம் முழுக்கக் குறுந்தாடி, க்வாரா. மூன்றாவதற்கு முடியே வேண்டாம், அப்படியே ஸ்பலெட்டி!

ஸ்பானிஷ் குடியிருப்புச் சந்துகளில் அண்ணாந்து பாருங்க. பால்கனிக்குப் பால்கனி நீலமும் வெள்ளையுமாக ரிப்பன். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி வீடு மாதிரி இருக்கிறது ஊர். ஏணியில் ஒருவர், கீழே பசையோடு ஒருவர், மாடியிலிருந்து “இடப்பக்கம் இறக்கு, வலப்பக்கம் ஏற்று” என்று ஆணையிடும் பாட்டி ஒருவர். படிக்கட்டுகளில் கிளப்பின் நிறம். சுவர்களில் பெரிய பெரிய 3. ஏற்கெனவே மரடோனாவோடு 1987லும் 1990லும் ஜெயித்தாயிற்று, இது மூன்றாவது. ஆனால் எதற்கு இந்த அலங்காரம் என்று கேட்டுப் பாருங்க, ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். வாய் சொல்லாததைக் கைகள் செய்துகொண்டிருந்தன. கண்படும் என்று தலைமுறை தலைமுறையாகப் பயந்த ஊர், இந்த ஒரு வருடம் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு மார்ச், ஏப்ரலிலேயே தோரணம் கட்டியது.

இந்த ஊரில் 1987ல் முதல் பட்டம் வந்தபோது கல்லறைத் தோட்டத்துச் சுவரில் யாரோ எழுதி வைத்தார்கள்: எதைத் தவறவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது என்று. உள்ளே படுத்திருக்கும் பெரியவர்களுக்குத் தகவல்! இறந்தவர்களைக்கூட விட்டுவிட்டுக் கொண்டாட மனசில்லாத ஊர்.

ஏப்ரல் 23. டூரினில் யுவென்டஸை 93ஆம் நிமிடம் ரஸ்பதோரி அடித்த ஒற்றைக் கோலில் ஜெயித்துவிட்டு அணி நள்ளிரவில் விமானத்தில் இறங்குகிறது. பஸ் கண்ணாடி வழியாக நாமும் எட்டிப் பார்ப்போம். ஆயிரக்கணக்கானவர்கள்! ஸ்கூட்டர்கள் பஸ்ஸோடு போட்டி போட்டு ஓடுகின்றன. ஒரு வண்டியில் மூன்று பேர், அதில் ஒருவர் கையில் கொடி, இன்னொருவர் கையில் மத்தாப்பு.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 30. பட்டம் இன்றே வந்துவிடும் என்று கணக்கு. அதற்காக ஆட்டத்தையே சனியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றிவைத்திருந்தார்கள். எதிரே பக்கத்து ஊர் சலெர்னித்தானா. 62ஆம் நிமிடம் ஒலிவெரா தலையால் முட்டி கோல். ஊர் முழுக்க ஷாம்பெயின் மூடிமேல் கட்டைவிரல். 84ஆம் நிமிடம் சலெர்னித்தானாவின் தியா சமன் செய்தார். கட்டைவிரல்கள் மெதுவாக விலகின. பாட்டில்கள் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் போயின. தோரணத்தை மட்டும் ஒருவரும் அவிழ்க்கவில்லை.

மே 4, வியாழக்கிழமை. இப்போது ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். ஆட்டம் நடப்பது நாட்டின் வடகிழக்கு மூலையில், உதினேயில். ஸ்பலெட்டி முன்பு பயிற்சியாளராக இருந்து, சாம்பியன்ஸ் லீகுக்கே கொண்டுபோன உதினேசே கிளப்பின் மைதானம் அது. நேப்பிள்ஸ் ஸ்டேடியத்திலோ ஆட்டமே இல்லை. புல்தரையில் ராட்சதத் திரைகள், அதைப் பார்க்க நிரம்பி வழியும் இருக்கைகள். முதலாளி தெ லாரெந்தீஸ் உதினேவுக்குப் போகவில்லை, இங்கேதான் இருக்கிறார்.

13ஆம் நிமிடம் உதினேசே கோல். திரைக்கு முன்னால் தலைகள் கவிழ்ந்தன. 52ஆம் நிமிடம் க்வாரா அடித்ததை கோல்கீப்பர் தட்டிவிட, பந்து ஒசிமென் காலடியில் வந்து விழுந்தது. முகமூடிக்காரர் விடுவாரா? 1-1. தேவையும் ஒரே ஒரு புள்ளிதான். கடைசி விசில் ஊதியதும் உதினே மைதானத்துக்குள் ரசிகர்கள் பாய்ந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஓடிப்போய் உடைமாற்றும் அறையில் புகுந்துகொண்டார்கள். அறைக்குள் ஷாம்பெயின் மழை, தரையெல்லாம் ஈரம், ஆளாளுக்குப் பாட்டு. ஸ்பலெட்டி வெற்றியைத் தன் மகளுக்கும் மறைந்த அண்ணனுக்கும் சமர்ப்பித்தார். நேப்பிள்ஸ்காரர்கள் சந்தோஷமாக இருப்பதைப் பார்ப்பதே தனக்குப் போதும் என்றார். நேப்பிள்ஸில் மைக்கைப் பிடித்த முதலாளி, ஜெயிக்க வேண்டும் என்று எப்போதும் கேட்டீர்களே, எல்லோரும் சேர்ந்து ஜெயித்துவிட்டோம் என்று முழங்கினார். ஏ16 என்று திட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

ஐந்து ஆட்டம் மிச்சமிருக்கும்போதே பட்டம் உறுதி! இனி அந்தச் சொல்லை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சொல்லலாம். ஸ்குடெட்டோ! ஸ்குடெட்டோ!

ஜூன் 4, கடைசி நாள். சொந்த மண்ணில் சம்ப்தோரியாவோடு ஆட்டம், பிறகு கோப்பை. எல்லோர் கண்ணும் மேடை மேல் இருக்கும். நாம் எதிரணியில் ஒருவரைப் பார்ப்போம். ஃபாபியோ குவாலியரெல்லா, 40 வயது. வளைகுடாவின் அந்தப் பக்கம் பிறந்தவர். நாப்போலிக்கு ஆடிவிட்டு 2010ல் பரம எதிரி யுவென்டஸுக்குப் போனதால் ஊர் அவரைத் துரோகி என்றது. மிரட்டல் ஆசாமி ஒருவன் வருடக்கணக்கில் அவரைத் துன்புறுத்தியதால் போக நேர்ந்தது என்ற உண்மை பிறகுதான் வெளியே வந்தது. அன்று அவர் கண்ணீரோடு மைதானத்தைவிட்டு நடந்தபோது, தன் திருவிழாவை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மொத்த ஸ்டேடியமும் எழுந்து கைதட்டியது. கோப்பையைவிட எனக்கு இந்தக் கைதட்டல் பெரிது.

அதற்கப்புறம் கோப்பை. கேப்டன் தி லொரென்சோ தூக்கினார். மத்தேராவில் மூன்றாம் டிவிஷன் ஆடிய அதே கைகள்.

விருந்து முடிந்ததும் ஸ்பலெட்டி ஓய்வு வேண்டும் என்று விடைபெற்றார். போகும்போது நாப்போலி சின்னத்தையும் மூவண்ணக் கேடயத்தையும் கையில் பச்சை குத்திக்கொண்டு போனார். கார் போனாலும் இதை யாரும் திருட முடியாது!

90 புள்ளி, இரண்டாம் இடத்தைவிட 16 அதிகம் என்று பதிவேடு சொல்கிறது. உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் புள்ளிகள் பயிற்சி மையத்துப் படுக்கையிலும் காபிக் கோப்பையிலும் சாப்பாட்டு அறைச் சிரிப்பிலும் தொடங்கியவை. ஸ்பலெட்டியும் கிம்மும் போன அடுத்த பருவத்தில் மூன்று பயிற்சியாளர்கள் மாறி, நாப்போலி பத்தாவது இடத்துக்குச் சரிந்தது. ஆனாலும் அறை கலைந்துவிடவில்லை. மெரெட், ரமானி, லொபோட்கா, அங்கிஸா, சிமியோனே என்று அந்த அணியின் ஆட்டக்காரர்கள் பலர் இருந்தார்கள். 2025 மே 23 அன்று நாப்போலி நான்காவது பட்டத்தை வென்றது. அன்றும் கேப்டன் தி லொரென்சோதான்.